ஒட்டு விட்ட ஓரங்கள்
பழைய ஃபிலிம் கேமராக்களின் மேலுறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பரணிலிருந்து இறக்கிய கேமராவில் ஷட்டர் ஓடுகிறதா, லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து முடித்ததும் கண்ணில் படுவது உரிந்து தொங்கும் தோல்தான். அதைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

என்னிடம் இருப்பது பென்டாக்ஸ் கே1000. முன்பக்க ரெக்ஸின் சுருங்கி, ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உலோகம் தெரிகிறது. ஒரு மூலை சுருண்டு எழும்பிவிட்டது. ஃபெவிக்விக் வைத்து ஒட்டிவிடலாமா?
– பெரம்பூர் வாசகர்

ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். அது உலரும்போது கிளம்பும் ஆவி பக்கத்தில் இருக்கும் லென்ஸிலும் கறுப்புப் பெயின்டிலும் வெள்ளைப் புகைபோலப் படியும். ஒட்டிய இடம் கண்ணாடிபோல் இறுகிவிடும். நாளைக்கு ஒரு மெக்கானிக் அந்த ரெக்ஸினைத் தூக்க வேண்டி வந்தால் கிழிந்துதான் வரும்.

சுருங்குவதற்குக் காரணம் பொருளிலேயே இருக்கிறது. 1960, 70களின் ஜப்பானியக் கேமராக்களில் பெரும்பாலும் ஒட்டியிருப்பது பி.வி.சி. ரெக்ஸின். பி.வி.சி. தன்னளவில் விறைப்பான பிளாஸ்டிக். அதை வளையச் செய்ய எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலப்பார்கள். வருடங்கள் போகப்போக அது கசிந்து வெளியேறும்போது ரெக்ஸின் சுருங்கி விறைக்கும். கசிந்த எண்ணெய் பின்னால் இருக்கும் பசையையும் இளக்கிவிடும். உங்கள் கே1000இல் இரண்டும் நடந்திருக்கின்றன.

ரெக்ஸின் இன்னும் வளைகிறது, உடையவில்லை என்றால் மாற்றத் தேவையில்லை. எழும்பிய மூலையை மட்டும் தூக்கி, அடியில் உள்ள பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். காய்ந்ததும் ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்ற ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, 10 நிமிடம் விட்டு அழுத்துங்கள். ரெக்ஸினின் முதுகில் துணி இருந்தால் இந்தப் பசை நிற்கும். துணியில்லாத வெறும் பிளாஸ்டிக் என்றால் கசியும் எண்ணெய் இந்தப் பசையையும் குழகுழவென்று ஆக்கும். செருப்புத் தொழிலில் பி.வி.சி. சோலுக்குத் தனியாக பி.யூ. (பாலியூரித்தேன்) பசை வைத்திருப்பது இதற்காகத்தான். அந்தப் பசையில் ஒரு சிறிய டப்பா போதும்.

இடைவெளியை ஹேர் டிரையரால் சூடாக்கி இழுத்து மூடலாம் என்பார்கள். மூடும், சில மாதங்களில் திரும்பவும் சுருங்கும். அதைவிட எளிய வழி, தெரியும் உலோகத்தில் மேட் கறுப்புப் பெயின்டை நுனித் தூரிகையால் ஒரு கோடாக இழுத்துவிடுவது. ஒரு கை தூரத்திலிருந்து பார்த்தால் இடைவெளியே தெரியாது.

முழுவதும் மாற்றுவதென்று முடிவு செய்துவிட்டேன். பெரியமேட்டில் தோல் வாங்கலாமா? கடையில் என்ன சொல்லிக் கேட்க வேண்டும்? ரெக்ஸின் போதுமா?
– அண்ணா நகர் வாசகி

பெரியமேடு பக்கத்தில் இருக்கும்போது கேமராத் தோலை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது வீண் செலவு. ஆனால் கடைக்குள் போனதும் நிறத்தையும் கிரெய்னையும் (மேற்பரப்பின் வரிவடிவம்) பார்த்து மயங்க வேண்டாம். அவை கடைசியில் பார்க்க வேண்டியவை. முதலில் தடிமன்.

கேமரா உடம்பில் தோல் உட்காரும் பள்ளத்தின் ஆழத்தை வெர்னியர் காலிப்பரின் பின்முனைக் கம்பியால் அளந்துகொண்டு போங்கள். 35 மி.மீ. கேமராக்களில் பொதுவாக 0.5 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கும். பசைக்கு 0.1 மி.மீ. கழித்துக்கொள்ளுங்கள். பள்ளம் 0.7 என்றால் 0.6 தோல். தோல் விளிம்பைவிட உயர்ந்து நின்றால் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் விரல் தட்டி ஓரம் எழும்பும். பின்கதவின் கீல் பக்கத்தில் தடித்த தோல் இருந்தால் கதவு முழுசாகத் திறக்காது.

கடைகளில் எளிதாகக் கிடைப்பது ஷூவின் மேல்பாகத்துக்கான தோல், பெரும்பாலும் 1 மி.மீ.க்கு மேல் இருக்கும், நமக்கு உதவாது. 'லைனிங் தோல், வெள்ளாடு, 0.6' என்று கேளுங்கள். வெள்ளாட்டுத் தோல் மெல்லிசாக இருந்தும் இறுக்கமானது. கிரெய்ன் சின்னது, கேமராவின் அளவுக்குப் பொருந்தும். செம்மறித் தோல் கைக்கு மெத்தென்று இருக்கும். அதில் மேல்படலமும் அடிப்படலமும் தளர்வாகவே ஒட்டியிருப்பதால் கைபடும் இடத்தில் மேல்படலம் மட்டும் தனியாக உரியும். சட்டை, ஜாக்கெட் தைக்கும் தோல் ரப்பர்போல் இழுபடும். அதில் வெட்டிய துளை ஒட்டும்போது வேறு இடத்தில் போய் நிற்கும். மாட்டுத்தோல் ஸ்பிளிட் (மேல்படலம் நீக்கிய அடித்தோல்) விலை குறைவு, பஞ்சுபோல் இருக்கும், வேண்டாம்.

அடுத்தது பதனிட்ட முறை. குரோம் உப்பால் பதனிட்ட தோலை வெட்டினால் ஓரம் நீலச் சாம்பல் நிறமாகத் தெரியும். ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு பதனிட்டது பழுப்பாக இருக்கும். பட்டைத் தோல் சுத்தமாக வெட்டுப்படும், ஓரம் சீவ எளிது, அழுத்திய வடிவத்தில் நிற்கும். ஆனால் அதில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைத் தொட்டால் கருநீலக் கறை பிடிக்கும். கடுக்காய் மை செய்வதும் இதே வித்தையால்தான். உடம்பில் எஃகுத் திருகுகளோ பெயின்ட் போன இரும்புத் தகடோ இருந்தால் முதலில் வார்னிஷ் ஒரு கோட் கொடுத்துவிட வேண்டும். குரோம் தோலில் அந்தத் தொல்லை குறைவு. வியர்வையையும் நன்றாகத் தாங்கும். சென்னையில் தினமும் கையில் வைத்துச் சுற்றும் கேமராவுக்கு குரோம் வெள்ளாட்டுத் தோல்தான் எங்கள் தேர்வு. அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் பழைய ஜெர்மன் கேமராவுக்குப் பட்டைத் தோல்.

ஒரு கேமராவுக்கு அரை சதுர அடி போதும். முதல் முறை ஒன்று கெட்டுப்போகும் என்று வைத்து ஒரு சதுர அடி வாங்குங்கள். முழுத்தோலாகத்தான் கொடுப்பேன் என்றால், ஆட்டுத்தோல் பெரும்பாலும் 4, 5 சதுர அடிதான், நண்பர்களோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். துண்டுத் தோல் எடுப்பதானால் வயிற்றுப் பக்கம் வேண்டாம், அது இழுபடும். முதுகெலும்பை ஒட்டிய பகுதியைக் கேளுங்கள். வெட்டும்போதும் கேமராவின் நீளவாட்டம் முதுகெலும்பு ஓடும் திசையில் இருக்கட்டும். அந்தத் திசையில்தான் தோல் குறைவாக இழுபடும். வாங்கும் முன் ஈரக் கைக்குட்டையால் 20 தடவை தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அது நாளை உங்கள் சட்டையிலும் ஒட்டும்.

ரெக்ஸின் தாராளமாகப் போதும், பி.வி.சி.யாக இருந்தால். பி.யூ. வேண்டாம். ஹேண்ட்பேக்கும் சோபாவும் நான்கைந்து வருடத்தில் செதில் செதிலாகக் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் உள்ள ஈரம் பாலியூரித்தேனின் பிணைப்புகளை அறுப்பதால் வருவது அது. நம் கடற்கரைக் காற்றில் இன்னும் சீக்கிரம் நடக்கும். கடைக்காரர் எதையும் 'ஃபாரின் லெதர்' என்பார், வீட்டில் சோதித்துவிடலாம். செம்புக் கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, ரெக்ஸின் துண்டில் ஒரு தொடு தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அதில் குளோரின் இருக்கிறது, அதாவது பி.வி.சி. மொட்டை மாடியில் செய்யுங்கள், புகையை முகர வேண்டாம்.

நிக்கான் எஃப்எம். பழைய ரெக்ஸினை எடுப்பதிலிருந்து புதுத் தோல் ஒட்டுவது வரை வரிசையாகச் சொல்ல முடியுமா?
– மேற்கு மாம்பலம் வாசகர்

கத்தியை எடுக்கும் முன் பென்சிலை எடுங்கள். பழைய உறை உடம்பில் இருக்கும்போதே டிரேசிங் பேப்பரை அதன்மேல் அசையாமல் ஒட்டி, 2பி பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் விளிம்பும் துளைகளும் பதிந்துவிடும். உறை எடுக்கும்போது நார் நாராக வந்தாலும் இந்தப் பிரதி கையில் இருக்கும். முழுசாக வந்தால் இன்னும் நல்லது: ஸ்கேனரில் 600 டிபிஐயில் வைத்து எடுத்து, நூறு சதவீத அளவில் அச்சிட்டு, ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள். பிரின்டர்கள் சொல்லாமல் கொள்ளாமல் தாளுக்கேற்ப 3, 4 சதவீதம் சுருக்கிவிடும். அதோடு, சுருங்கிப்போன ரெக்ஸினை அப்படியே நகலெடுத்தால் புதுத் தோலும் ஒரு மில்லிமீட்டர் குறைவாகத்தான் வரும். அளவுக்கு நம்ப வேண்டியது உடம்பின் பள்ளத்தை. பழைய உறையைத் துளைகளின் இடத்துக்கு மட்டும் நம்புங்கள்.

லென்ஸைக் கழற்றி பாடி கேப் போடுங்கள். கதவின் இடுக்குகளிலும் பொத்தான்களைச் சுற்றியும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஹேர் டிரையரை நடுத்தர வெப்பத்தில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரு நிமிடம் காட்டினால் பசை இளகும். லென்ஸ் உடம்போடு சேர்ந்த ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவானால் சூடு காட்ட வேண்டாம். ஃபோகஸ் கிரீஸ் உருகி எண்ணெய் அபெர்ச்சர் இதழ்களுக்கு இறங்கும். அங்கே இன்சுலின் சிரிஞ்சால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஓரத்தின் அடியில் சொட்டுச் சொட்டாக விட்டு, இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். பழைய ஏ.டி.எம். கார்டின் மூலையைச் சீவி நெம்புகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்குரூடிரைவர் பெயின்டைக் கீறும். செல்ஃப் டைமர் கைப்பிடியை வலுக்கட்டாயமாகத் திருகிக் கழற்றப் பார்க்காதீர்கள். புதுத் தோலில் அந்தத் துளையிலிருந்து பக்கத்து ஓரம் வரை ஒரு வெட்டு கொடுத்து நுழைத்தால் போதும், ஒட்டிய பிறகு அந்த வெட்டு கைப்பிடிக்கு அடியில் மறைந்துவிடும்.

அடியில் தங்கும் பசைக்கு நீலகிரித் தைலம் அருமையான மருந்து. பஞ்சில் தொட்டு வைத்து ஐந்து நிமிடம் கழித்து வழித்தால் கறுப்புப் பிசின் சுருண்டு வரும். ஆனால் தைலம் எண்ணெய். அது இருக்கும் உலோகத்தில் புதுப் பசை பிடிக்காது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் புதுத் துணியால் துடையுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பாகங்களில் தைலம் படக்கூடாது. அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டும் கேமரா இருக்கும் மேசைக்கே வரக்கூடாது.

வெட்டுவதற்கு 11 எண் சர்ஜிக்கல் பிளேடும் 3 எண் கைப்பிடியும். எந்த சர்ஜிக்கல் கடையிலும் கிடைக்கும். ஒரு கேமராவுக்கு ஒரு பிளேடு. வட்டத் துளைகளைக் கத்தியால் செதுக்காமல் தோல் துளைக்கும் பன்ச் கருவியால் ஒரே அடியாக அடியுங்கள். தோலை விளிம்பிலிருந்து விளிம்புக்கு 0.3 மி.மீ. கூடுதலாக வெட்டி, ஒட்டும்போது உள்ளே தள்ளி உட்காரவைக்கலாம். ரெக்ஸினை அப்படித் தள்ள முடியாது, அதைத் துல்லியமாக வெட்ட வேண்டும். தோலின் பின்பக்க ஓரத்தை 3 மி.மீ. அகலத்துக்குச் சாய்வாகச் சீவிவிடுங்கள். கை நடுங்கினால் ஷூ மேல்பாகம் தைக்கும் பட்டறைகளில் இதற்கென்றே மெஷின் உண்டு. பசை தொடும் முன் ஒரு முறை வெறுமனே பொருத்திப் பாருங்கள். பசை தடவிய பிறகு தெரியும் தப்பைத் திருத்த முடியாது.

ஒட்டுவதற்கு எங்கள் வழி: தோலின் பின்பக்கம் ரப்பர் பசை இரண்டு கோட், ஏனென்றால் முதல் கோட்டைத் தோலே குடித்துவிடும். உலோகத்தில் ஒரே கோட், திருகுத் துளைகளைத் தவிர்த்து. விரலால் தொட்டால் நூல் இழுக்காத நிலை வரும்வரை 10 முதல் 15 நிமிடம். இந்தப் பசை இரண்டும் தொட்ட நொடியில் பிடித்துவிடும், நகர்த்த விடாது. அதனால் இரண்டுக்கும் நடுவில் ஓ.எச்.பி. ஷீட் (கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாள்) துண்டு ஒன்றை வைத்து, லென்ஸ் மவுன்டை (லென்ஸ் மாட்டும் வளையம்) ஒட்டிய வளைவை முதலில் சரியாக உட்காரவைத்துவிட்டு, ஷீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தபடி ஓரம் நோக்கி அழுத்திக்கொண்டே போங்கள். கண் முதலில் போகும் இடம் மவுன்ட். மிச்சப் பிழை கீல் பக்கம் போய் ஒளியட்டும். பிறகு பருத்தித் துணி போர்த்திக் கரண்டியின் முதுகால் தேய்த்துவிடுங்கள். ஒரு நாள் முழுக்கத் திறந்த இடத்தில் வைக்காமல் பையில் போட வேண்டாம். பசையின் ஆவி தீப்பிடிக்கக்கூடியது. பூஜை விளக்கு எரியும் அறையில் இந்த வேலை கூடாது.

பசையே பிடிக்காதவர்களுக்கு டேப் உண்டு. 3எம் 467எம்.பி. சுமார் 0.06 மி.மீ., 468எம்.பி. 0.13 மி.மீ. வழவழப்பான முதுகுள்ள ரெக்ஸினுக்கு டேப்தான் சுத்தம். நார் நாரான தோல் முதுகில் டேப் பிடிப்பது குறைவு.

நவம்பரில் ஒட்டினேன். சொன்னபடி எல்லாம் செய்தும் இரண்டே வாரத்தில் ஓரங்கள் எழும்பிவிட்டன. பசை போலியா?
– வேளச்சேரி வாசகர்

எழும்பிய ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். பதில் அங்கேயே எழுதியிருக்கும். பசைப்படலம் முழுவதும் தோலோடு வந்து, உலோகம் பளிச்சென்று வெறுமையாக இருந்தால் உலோகத்தில் எண்ணெயோ ஈரமோ இருந்தது. பசை உலோகத்தில் தங்கி, அதன்மேல் தோலின் பொடி நார் ஒட்டியிருந்தால் தோல் பக்கம் ஒரே கோட்தான் போயிருக்கிறது. இரண்டு பக்கமும் இன்னும் பிசுபிசுவென்று நூல் இழுத்தால் காயும் முன் மூடியிருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்லும் மாதத்தை வைத்துப் பார்த்தால் முதலாவதாகத்தான் இருக்கும். இந்த வகைப் பசையில் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். அடைமழைக் காற்றில் அந்தக் குளிர்ந்த பரப்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் படியும். பசை மங்கலாக, பால் படிந்ததுபோல் தெரிந்தால் அதுதான். அதன்மேல் ஒட்டினால் நிற்காது. மழை நாளில் ஒட்டியே ஆக வேண்டுமென்றால் ஏ.சி. அறையில், கேமராவும் தோலும் பசையும் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்த பிறகு செய்யுங்கள். கத்திரி வெயிலில் தலைகீழ்த் தொல்லை: பசை ஐந்தே நிமிடத்தில் செத்துவிடும். அப்போது சிறு சிறு பகுதியாகத் தடவி ஒட்ட வேண்டும்.

ஜெய்ஸ் ஐகான் சூப்பர் ஐகொன்டா. தோலில் அங்கங்கே கொப்புளம்போல் மேடு. உள்ளே பூச்சி இருக்குமா?
– திருவான்மியூர் வாசகர்

பூச்சி இல்லை, களிம்பு. அந்தக் கேமராக்களில் தோலுக்கு அடியில் பித்தளை ரிவெட்டுகளும் திருகுகளும் உண்டு. தோலில் உள்ள கொழுப்பு அமிலங்கள் பித்தளையில் இருக்கும் செம்பைத் தின்று பச்சைக் களிம்பாக்கும். அது உப்பித் தோலை மேலே தள்ளும். இந்தப் பெயருள்ள கேமராக்களில் அடிக்கடி பார்ப்பதால் சேகரிப்பாளர்கள் இதை 'ஜெய்ஸ் பம்ப்' (ஜெய்ஸ் மேடு) என்றே சொல்வார்கள். கான்டாக்ஸிலும் உண்டு. கடலுக்குப் பக்கத்து வீடு இதற்கு நல்லதல்ல.

மேட்டைக் கட்டைவிரலால் அமுக்கித் தட்டையாக்கப் பார்த்தால் தோல் வெடிக்கும். மேட்டுக்குப் பக்கத்து ஓரத்திலிருந்து தோலைத் தூக்க வேண்டும். பழைய ஜெர்மன் கேமராக்களில் பெரும்பாலும் அரக்குதான் பசை, ஸ்பிரிட்டில் கரையும். ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பொறுமையாக எடுங்கள். பச்சையை மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள், தூளை ஊதாதீர்கள், அது பெல்லோஸுக்குள் (லென்ஸுக்குப் பின்னால் மடியும் துருத்தி) போகும். தோலின் பின்பக்கத்துப் பச்சையையும் விட்டுவைக்கக் கூடாது. ரிவெட்டின் தலை துடைத்துக் காய்ந்ததும் நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு கோட் கொடுத்து மூடினால் தோலும் பித்தளையும் மறுபடி தொடாது. திரும்ப ஒட்ட அவலரக்கு ஒரு பங்குக்கு ஸ்பிரிட் இரண்டரைப் பங்கு, எடைக் கணக்கில், ஒரு இரவு ஊறட்டும். உடம்பில் தடவிக் காயவிட்டு, தோலின் பின்பக்கம் ஸ்பிரிட் மட்டும் தொட்டு அழுத்துங்கள். நாற்பது வருடம் கழித்து இன்னொருவர் எடுக்க நேர்ந்தாலும் ஸ்பிரிட் போதும். ரப்பர் பசையில் அந்த வசதி கிடையாது.

தோல் காய்ந்து வெடிக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா? கேமராவை அதன் தோல் பெட்டியிலேயே வைத்து, அந்துருண்டை போட்டிருக்கிறேன்.
– மயிலாப்பூர் வாசகி

மூன்றுமே வேண்டாம். தேங்காய் எண்ணெய் சிக்குப் பிடிக்கும், பூஞ்சைக்குத் தீனியாகும், ஊறி இறங்கிப் பசையை விடுவிக்கும், மேலே சொன்ன பச்சைக் களிம்பையும் வளர்க்கும். நிறமில்லாத மெழுகு பாலிஷ், அரிசி அளவு, துணியில் தொட்டு வருடத்துக்கு ஒரு முறை போதும். தோல் பெட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். லென்ஸ் பூஞ்சையின் பிறந்த வீடு அதுதான். பெட்டியைத் தனியாக வையுங்கள். அந்துருண்டையின் ஆவி கண்ணாடியில் படியும், சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பதமானியும் போட்டு 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். 'காய்ந்தால் நல்லதுதானே' என்று 30க்குக் கீழே இறக்கினால் தோல் சுருங்கும்.

போலராய்டு எஸ்எக்ஸ்-70இன் மேலுறை பொடிப்பொடியாகக் கையில் ஒட்டுகிறது. அசல் தோல் என்றுதானே சொன்னார்கள்?
– நுங்கம்பாக்கம் வாசகர்

1972இல் வந்த முதல் எஸ்எக்ஸ்-70இல் இருப்பது அசல் மாட்டுத்தோல். மாடல் 2 போன்றவற்றில் போர்வேர் என்ற பாலியூரித்தேன் உறை போட்டார்கள். உங்களுடையது அதுதான். அதைக் காப்பாற்ற வழியில்லை, வழித்து எடுக்க வேண்டியதுதான். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மட்டும். உடம்பே பிளாஸ்டிக், சில மாடல்களில் அதன்மேல் உலோகப் பூச்சு. அசிட்டோன் பட்டால் தீர்ந்தது.

புதுத் தோல் வெட்டுவது இதில் எளிது, பெரும்பாலும் நேர்கோடுகள். ஆனால் மடங்கும் கேமரா இது. தோல் தடித்தால் மடித்த பிறகு மூடி சரியாக உட்காராது. 0.6 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள், மடிப்பை ஒட்டிய ஓரங்களைக் கட்டாயம் சீவுங்கள்.

லைக்கா எம்3இல் கறுப்பு உறை பத்துப் பைசா அளவுக்குப் பெயர்ந்து விழுந்துவிட்டது. முழுசாக எடுத்துவிட்டுச் சிவப்புத் தோல் ஒட்ட ஆசை.
– ஆழ்வார்பேட்டை வாசகர்

அது தோலல்ல, வல்கனைட். கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வயதானால் நொறுங்கும். ஒரு மூலை போனதற்காக மிச்சத்தையும் உடைத்து எடுத்தால் கேமராவின் விலையில் நல்ல பங்கும் கூடவே போகும். சேகரிப்பாளர்கள் தேடுவதே அந்த உறையைத்தான். விற்கும் எண்ணமே இல்லையென்றால் சிவப்பு உங்கள் இஷ்டம்.

நிரப்புவது கடினமில்லை. நல்ல நிலையில் உள்ள பகுதியின்மேல் பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் சிலிக்கான் கொஞ்சம் அழுத்தி, கிரெய்னின் அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்ந்த இடத்தைச் சுத்தம் செய்து, மெதுவாக இறுகும் அரால்டைட்டில் கறுப்பு நிறப் பொடி கலந்து, விளிம்போடு சமமாக நிரப்புங்கள். அரை மணி நேரம் கழித்துப் பிசுபிசுப்பு குறைந்ததும், வாசலின் லேசாகத் தடவிய அச்சை அதன்மேல் வைத்து டேப்பால் கட்டி, மறுநாள் எடுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையில் கிரெய்ன் பதிவதற்கு நேரம் இருக்காது. விழுந்த துண்டு கையில் இருந்தால் இத்தனையும் வேண்டாம், அதையே ஒட்டிவிடுங்கள்.

உடும்புத் தோல், பாம்புத் தோல் போட்ட கேமராப் படங்கள் பார்த்தேன். இங்கே கிடைக்குமா?
– ராயபுரம் வாசகர்

கிடைத்தாலும் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. அதன் தோலை வைத்திருப்பதே குற்றம். அந்த வடிவம் அழுத்திய வெள்ளாட்டுத் தோலைக் கேளுங்கள். ஒரு அடி தள்ளி நின்றால் வித்தியாசம் தெரியாது.

யாஷிகா எலக்ட்ரோ 35க்குப் புது உறை போட்டுவிட்டு சர்வீஸுக்குக் கொடுக்கலாமா, கொடுத்து வாங்கிய பிறகா?
– தாம்பரம் வாசகர்

வாங்கிய பிறகு. அந்தக் கேமராவின் லென்ஸ் பகுதியைக் கழற்றும் திருகுகள் முன்பக்க உறைக்கு அடியில் இருக்கின்றன. ரோலைகார்ட், பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக், கேனனெட் க்யூஎல்17 எல்லாம் இதே கதைதான். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போதே, 'உறையைத் திரும்ப ஒட்ட வேண்டாம், எடுத்ததைக் கவரில் போட்டுக் கொடுங்கள்' என்று சொல்லிவிடுங்கள், அளவுக்கு உதவும்.

எல்லாம் அழகாக முடிந்தது. ஆனால் இப்போது பிரின்டில் ஒரே இடத்தில் வெளிச்சக் கீற்று விழுகிறது. லைட் சீல் (கதவிடுக்கில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் பட்டை) புதிது. தோல் மாற்றியதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
– குரோம்பேட்டை வாசகி

இருக்கலாம். சில உடம்புகளில் உறைக்கு அடியில் திருகில்லாத துளைகளும் சரிசெய்வதற்கான திறப்புகளும் உண்டு. அவற்றுக்கு ஒளிமறைப்பே அந்த உறைதான். பழையதை வழித்தபோது துளையை மூடியிருந்த கறுப்புத் தாளோ கெட்டிப் பசையோ சேர்ந்து போயிருக்கும். ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, இருட்டறையில் செல்போன் டார்ச்சை வெளியிலிருந்து தோலின் ஓரமாக நகர்த்தி, உள்ளே பாருங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் கொடுங்கள். கதவில் ஒட்டிய தோலானால் டார்ச் உள்ளே, கண் வெளியே. ஒளி தெரியும் இடத்தில் தோலைத் தூக்கி, மெல்லிய கறுப்பு அலுமினியம் டேப்பைத் துளையின்மேல் ஒட்டிவிட்டு மூடுங்கள். மின்வேலைக்கான சாதா கறுப்பு டேப் வேண்டாம். அதன் பசை வெயிலில் வழிந்து துளை வழியாக உள்ளே இறங்கும்.